பேசாமல் உட்காரும் பாடம்

அந்தச் சலவைக்கடை மொத்தமே இரண்டு அறை. பின்னறையில் கொதிகலன், சுற்றும் டிரம், அலசுகிற தொட்டிகள், எந்தக் காலத்திலும் காயாத தரை. முன்னறையில் இஸ்திரி மேசைகள், மடித்த துணி அடுக்கும் பலகைகள், தெருவைப் பார்த்த ஒரு பெரிய ஜன்னல். இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலைப்படி. ஈரத்துணி மூட்டையோடு போகவர இடைஞ்சல் என்று கதவை எப்போதோ கழற்றிவிட்டார்கள். பின்னறை தம்பிக்காரனுடையது, முன்னறை அண்ணன்காரனுடையது. நிலைப்படி அண்ணியுடையது.

அண்ணி அண்ணன்காரனின் மனைவி. முறைப்படி பார்த்தால் தம்பிக்காரன் ஒருவனுக்குத்தான் அவள் அண்ணி. ஆனால் துணி போடவருகிறவர்கள், எதிர்க்கடைக்காரர், மின்சாரக் கணக்கெடுக்க வருகிறவர் வரைக்கும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஜன்னலோரம் முக்காலி போட்டு அறுந்த பொத்தான் தைக்கும் பட்டன் அக்கா மட்டும் "தபால்" என்பாள். பட்டன் அக்காவுக்கு ஊசியும் கூர்மை, வாயும் கூர்மை.

தபால் என்ற பெயர் சும்மா வரவில்லை. அண்ணனும் தம்பியும் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே கொதிகலன் சூட்டில், நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் தொழில் செய்துகொண்டிருந்தார்கள். எல்லாம் ஒரு வெள்ளைக் கோட்டால் வந்த வினை. கல்யாணத்துக்கென்று ஒரு மாப்பிள்ளை கொடுத்துவிட்டுப் போன கோட்டு. அதன் பையில் சிவப்புக் கைக்குட்டை இருந்ததைத் தம்பிக்காரன் பார்க்கவில்லை. கோட்டு ரோஜா நிறத்தில் வெளியே வந்தது. அண்ணன்காரன் அந்த மாப்பிள்ளையை வைத்துக்கொண்டே, "இவன்கிட்ட குடுத்தா இப்படித்தாங்க ஆகும், கண்ணு எங்கேயோ இருக்கும், கை எங்கேயோ இருக்கும்" என்றான். தம்பிக்காரன் முகம் செத்துப்போய், "இனிமே நீ என்கிட்ட பேசவே வேண்டாம்" என்றான். சின்ன வயதிலிருந்து தம்பி எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லாத அண்ணன், அதையும் கொடுத்துவிட்டான்.

அந்த மாப்பிள்ளை வேறு கோட்டு இரவல் வாங்கிக் கல்யாணம் பண்ணிக்கொண்டு, குழந்தையும் பெற்று, அந்தக் குழந்தையின் துணியை இதே கடைக்குத்தான் கொண்டுவந்து போடுகிறான். அவன் என்றைக்கோ மறந்துவிட்டான். இந்த இரண்டு பேருக்கும்தான் மறக்கவில்லை.

"அங்க நிக்கிறவன்கிட்ட சொல்லு, ஓட்டல் மேசைவிரிப்பு இன்னும் வரலைன்னு. தூங்கறானா?" என்பான் அண்ணன்காரன்.

அண்ணி நிலைப்படி தாண்டிப் போவாள். "தம்பி, மேசைவிரிப்பு ஆச்சான்னு அண்ணன் கேட்டார். முகம் வாடியிருக்கே, சாப்பிட்டானான்னும் கேட்டார்."

"கஞ்சி ஆறணும்னு சொல்லுங்க. கத்தினா ஆறாது, தானா ஆறும்னு சொல்லுங்க."

அண்ணி திரும்பி வருவாள். "கஞ்சி ஆறிக்கிட்டிருக்காம். நீங்க ரொம்ப நேரமா நிக்கறீங்களே, முதுகுக்கு இந்த வெந்நீர்ப் பையை வைக்கச் சொன்னான்."

கடுப்பை வழியில் உதறிவிட்டு, கரிசனத்தை வழியில் சேர்த்துக்கொள்வாள். அவளாகத் தொடங்கிய வேலை இது. முதலில் சண்டை பெரிசாகாமல் இருக்கட்டும் என்று செய்தாள். அப்புறம் பழகிவிட்டது. அண்ணன்காரன் கேட்காத நலமெல்லாம் தம்பிக்காரனுக்குப் போனது, தம்பிக்காரன் சொல்லாத அன்பெல்லாம் அண்ணன்காரனுக்கு வந்தது. இரண்டு பேரும் ஒருநாள் நேருக்கு நேர் பேசினால் தன் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று அவளுக்கு உள்ளூரப் பயம். பேசாமலே போய்விடுவார்களோ என்று அதைவிடப் பெரிய பயம்.

மழைக்காலம் தொடங்கி, கொடியில் போட்ட படுக்கை விரிப்புகள் மூன்று நாளாகியும் காயாமல் பாசிவாடை அடித்த ஒரு மத்தியானத்தில், தம்பிக்காரன் சாப்பிட அவித்த உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே சொன்னான்.

"அண்ணி, நான் ரஷ்யாவுக்குப் போறேன்."

"எங்கே, பக்கத்துத் தெருவுக்குப் போற மாதிரி சொல்றே!"

"பெரிய சலவை நிலையம் அண்ணி. ஆஸ்பத்திரித் துணி, ரயில் துணியெல்லாம் அங்கதான் வருதாம். நம்ம மாதிரி வேலை தெரிஞ்ச ஆளு வேணுமாம். ரெண்டு வருஷம். போன்ல முகம் பார்த்துப் பேசுவாங்க. பாஷை தெரியாட்டியும் வணக்கம், நலமா, போயிட்டு வரேன், இவ்வளவு தெரிஞ்சிருந்தா போதுமாம்."

"இங்க என்னடா குறை உனக்கு?"

அவன் கிழங்கை உப்பில் தொட்டான், ஆனால் சாப்பிடவில்லை. "வீட்டுல எல்லாரும் இருந்தும் யாருமே இல்லாத மாதிரி இருக்கு அண்ணி. அங்க போனா, யாருமில்லைன்னு தெரிஞ்சே இருந்துக்கலாம்."

இந்தத் தபாலை அவள் முன்னறைக்கு எப்படிக் கொண்டுபோவாள்? போய், "தம்பி ரஷ்யாவுக்கு வேலைக்குப் போறானாம்" என்று மட்டும் சொன்னாள். அண்ணன்காரன் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாமல், "போறவங்க போகட்டும்" என்றான். ஆனால் அதே தலையணை உறையை மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டே இருந்தான். அது கருகும் வாடை வந்து பட்டன் அக்கா கத்தினாள்.

மறுநாளிலிருந்து பின்னறையில் பாடம் நடந்தது. தம்பிக்காரன் கைபேசியை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுத் தொட்டிக்கு மேலே ஆணியில் மாட்டிவைத்தான். அதிலிருந்து ஒரு பெண்குரல் தமிழில் விளக்கி, ரஷ்ய மொழியில் சொல்லிக்கொடுத்தது. அவளுக்கு அண்ணி வைத்த பெயர் டீச்சரம்மா. டிரம் சத்தத்தில் கேட்காது என்று குரலை உச்சத்தில் வைத்திருந்தான். தெரு முழுக்க ரஷ்யப் பாடம் கேட்டது.

"ஸ்த்ராஸ்த்வுயித்யே" என்றாள் டீச்சரம்மா. மரியாதையான வணக்கம்.

"ஸ்த்ரா..." என்று தொடங்கி, தம்பிக்காரன் சோப்பு நுரையில் வழுக்கினவன் போல நின்றான்.

"இது வணக்கமா, தும்மலா?" என்று முன்னறையிலிருந்து பட்டன் அக்கா கேட்டாள். "எதிர்ல நிக்கிறவன் துடைச்சுக்கத் துணி கொண்டுபோகணும் போலிருக்கே."

"நம்ம கடையில துணிக்கா பஞ்சம்?" என்றாள் அண்ணி. இரண்டு நாள் கழித்து அவளுக்கே அந்த வார்த்தை சரளமாக வந்தது. விரிப்பைப் பிழிய ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, அவன் ஒரு முறுக்கு முறுக்கி "பிரிவியெத்" என்பான். அது தெரிந்தவர்களுக்குச் சொல்லும் வணக்கம். அவள் மறுமுறுக்கு முறுக்கி அதையே திருப்பிச் சொல்வாள். காலைக்குத் "தோப்ரயெ ஊத்ரா." நன்றிக்கு "ஸ்பசீபா." விடைபெற "த ஸ்விதானியா", அதாவது மறுபடி பார்க்கும்வரை.

வார்த்தையை விட டீச்சரம்மா சொன்ன வழக்கங்கள்தான் அண்ணிக்குப் பிடித்திருந்தன. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டு தடவை வணக்கம் சொல்லக்கூடாதாம். சொன்னால், காலையில் பார்த்ததை மறந்துவிட்டாயா என்று வருத்தப்படுவார்களாம். நிலைப்படிக்கு அந்தப்பக்கம் ஒருவர், இந்தப்பக்கம் ஒருவர் நின்று கைகொடுக்கக்கூடாதாம். ஒன்று அவர் வெளியே வரவேண்டும், இல்லை நீ உள்ளே போகவேண்டும். குளித்து ஆவியிலிருந்து வெளியே வருகிறவரைப் பார்த்து வாழ்த்துச் சொல்லத் தனியாக ஒன்று, "ஸ் ல்யோஹ்கிம் பாரம்." பட்டன் அக்கா அதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டாள். இஸ்திரி ஆவியில் வேர்த்து விறுவிறுத்து நிமிரும் அண்ணன்காரனைப் பார்த்து, "ஸ் ல்யோஹ்கிம் பாரம், முதலாளி!" என்பாள்.

"பாரமாவது சுமையாவது. வேலையைப் பாருக்கா" என்பான் அவன். ஆனால் திரும்பிக்கொண்டபோது மீசைக்குக் கீழே லேசாகச் சிரித்ததை அண்ணி பார்த்தாள்.

"காக் திலா" என்று ஒருநாள் வந்தது. எப்படி இருக்கிறாய்? "ஹரஷோ" என்றால் நன்றாக இருக்கிறேன்.

"கவனம்" என்றாள் டீச்சரம்மா. "இதைப் போகிறபோக்கில் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் பலர் உண்மையாகவே பதில் சொல்வார்கள். நின்று கேட்க நேரமிருந்தால் மட்டும் கேளுங்கள்."

முன்னறையில் இஸ்திரிச் சத்தம் அந்த நேரம் நின்றிருந்தது. அண்ணி எட்டிப் பார்த்தாள். அண்ணன்காரன் பெட்டியைக் கையில் தூக்கிப் பிடித்தபடி, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவளைக் கண்டதும், "தண்ணி தெளிக்கிற குப்பி எங்கே?" என்றான். குப்பி அவன் இடதுகையில் இருந்தது.

முகம் பார்த்துப் பேசும் நாள் வந்தது. தம்பிக்காரன் முகம் மழித்து, அண்ணன்காரன் தேய்த்து வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டான். 'தேய்த்துக் கொடு' என்று யாரும் சொல்லவில்லை. அது தானாகப் பின்னறை ஆணியில் தொங்கியது. "அண்ணன்தான்" என்று அண்ணி சொன்னாள். இந்தத் தடவை அது முழு உண்மை. ஆனால் அவள் எப்போதும் சொல்கிறதுதானே என்று அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

கைபேசித் திரையில் ஒரு பாதியில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும், தமிழ் பேசும் ஏஜென்சிக்காரர். இன்னொரு பாதியில் அந்தச் சலவை நிலையத்தின் மேற்பார்வை அம்மாள், குட்டையான நரைமுடியும் கழுத்தில் தொங்கும் கண்ணாடியுமாக. தம்பிக்காரன் தும்மாமல் வணக்கம் சொல்லிவிட்டான். அந்த அம்மாள் முகம் மலர்ந்து, அவன் கண்ணைப் பார்த்து, "காக் திலா?" என்றாள்.

தம்பிக்காரன் சட்டென்று பக்கத்தில் திரும்பி, "அண்ணி, எப்படி இருக்கேன்னு கேக்கறாங்க. நல்லா இருக்கேன்னு சொல்லிடுங்க" என்றான்.

அண்ணியும் ஒரு நொடி யோசிக்கவில்லை. திரைக்கு முன்னால் தலையை நீட்டி, "ஹரஷோ. நீங்க சாப்பிட்டீங்களான்னும் கேட்டான்" என்று சொல்லிவிட்டாள்.

ஏஜென்சிக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த அம்மாள் என்னவோ கேட்டாள். "இந்தம்மாவும் கூட வர்றாங்களான்னு கேக்கறாங்க" என்றார் அவர். பட்டன் அக்கா வாயில் துணியைத் திணித்துக்கொண்டு சிரித்தாள். கடைசியில், ஒரு வாரம் கழித்து மறுபடி கூப்பிடுவார்கள், ஆள் தனியாகப் பதில் சொல்லவேண்டும், முகத்தைப் பார்த்துப் பேச வரவில்லையென்றால் எடுக்கமாட்டார்கள் என்று முடிந்தது.

தம்பிக்காரன் சிரிக்கவில்லை. நல்ல சட்டையோடு ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்தான்.

"எனக்கே தெரியல அண்ணி. ஒருத்தர் முகத்தைப் பார்த்துக் கேட்டா, பதில் உங்க பக்கம்தான் திரும்புது. எனக்கு என்ன ஆச்சு?"

அண்ணிக்கு அது சுருக்கென்று தைத்தது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, நான்தான் ஆக்கிவைத்திருக்கிறேன் என்று நினைத்தாள். சண்டையை அவர்கள் போட்டார்கள். அது சௌகரியமாக நடக்கும்படி நாலு வருஷம் சேவகம் செய்தது யார்? நடுவில் ஆள் இல்லையென்றால் நாலாம் நாளே பேசியிருப்பார்களோ என்னவோ.

எழுந்துபோய் நிலைப்படியில் நின்றாள். "ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. இன்னையிலேருந்து தபால் ஆபீஸ் மூடியாச்சு. யாருக்கு யார்கிட்ட என்ன சொல்லணுமோ, அவங்கவங்க வாயால சொல்லிக்குங்க. எனக்குக் காலும் வலிக்குது, மனசும் வலிக்குது."

"ஏம்மா, என்ன ஆச்சு உனக்கு?" என்றான் அண்ணன்காரன்.

"ஒண்ணும் ஆகலை. லீவு."

அந்த வாரம் கடை பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. கஞ்சி போடக்கூடாத திரைச்சீலைக்குக் கஞ்சி போட்டு, அது பலகைபோல நிமிர்ந்து நின்றது. டாக்டர் வீட்டுப் போர்வை அவசரம் என்று முன்னறைக்குத் தெரியும், பின்னறைக்குத் தெரியாது. அண்ணன்காரன் சுவரைப் பார்த்து, "சில பேருக்குப் போர்வை இன்னைக்கே வேணுமாம்" என்பான். தம்பிக்காரன் டிரம்மைப் பார்த்து, "சில பேர் காலையிலேயே சொல்லியிருக்கலாம்" என்பான். அண்ணி நடுவில் உட்கார்ந்து வாயை இறுக்கிக்கொண்டு காலுறைகளுக்கு ஜோடி தேடினாள். நாக்கு துறுதுறுத்தது. கடித்துக்கொண்டாள்.

"சுவரோட பேசறது கூட முன்னேற்றம்தான்டி" என்றாள் பட்டன் அக்கா.

இரண்டாம் தடவை கூப்பிட்டபோது அண்ணி வேண்டுமென்றே கடைத்தெருவுக்குப் போய்விட்டாள். தம்பிக்காரன் தனியாகக் கண்ணைப் பார்த்து, "ஹரஷோ, ஸ்பசீபா" என்று சொல்லித் தேறிவிட்டான். அண்ணி ரொட்டியும் முட்டையும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது அவன் சிரித்துக்கொண்டு நின்றான். அவளும் சிரித்தாள். அப்புறம் கொடியில் காயப்போட்ட விரிப்புக்குப் பின்னால் போய்க் கொஞ்சம் அழுதாள். போகிறான். ஒரு வார்த்தை இல்லாமல் போகிறான். ரெண்டு வருஷத்தில் இது இறுகிப் பாறையாகிவிடும்.

கிளம்புகிற நாள் காலையிலும் தூறிக்கொண்டிருந்தது. அண்ணி உருளைக்கிழங்கு அவித்து, முட்டை வேகவைத்து, ரொட்டியோடு பொட்டலம் கட்டினாள். பெட்டி பின்னறை நடுவில் நின்றது. டாக்ஸிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

"அண்ணி, கடைசிப் பாடத்துல ஒரு வழக்கம் வந்துச்சே. பயணம் கிளம்பறதுக்கு முன்னால வீட்டுல எல்லாரும் ஒரு நிமிஷம் உக்காரணும். பேசக்கூடாது. அப்புறம் வீட்டுல மூத்தவங்க முதல்ல எழுந்து ஒரு வார்த்தை சொல்லணும், அதுக்கப்புறம்தான் கிளம்பணும். நாமளும் உக்காரலாமா?"

"பேசாம உக்கார்றதுக்கு இந்த வீட்டுக்குப் பாடம் வேறயா?" என்றாள் பட்டன் அக்கா. "இதுல நீங்க ரெண்டு பேரும் அந்த ஊருக்கே வாத்தியாராப் போகலாமே."

இருந்தாலும் அவளே முதல் ஆளாகப் பின்னறைக்கு வந்து, ஒரு துணிமூட்டைமேல் உட்கார்ந்தாள். அண்ணி கவிழ்த்துப்போட்ட வாளியில் உட்கார்ந்தாள். தம்பிக்காரன் பெட்டிமேல் உட்கார்ந்தான். அண்ணன்காரன் நிலைப்படியில் வந்து நின்றான். கையில் ஒரு சட்டை, தேய்த்து முடித்த சூடு ஆறாத சட்டை.

யாரும் அவனைக் கூப்பிடவில்லை. அண்ணியின் வாய்வரை வந்தது, 'வாங்க, உள்ள வந்து உக்காருங்கன்னு தம்பி சொல்றான்' என்று. விழுங்கினாள்.

அண்ணன்காரன் குனிந்து தன் காலைப் பார்த்தான். ஒரு கால் முன்னறையில், ஒரு கால் நிலைப்படியில். பிறகு இரண்டு காலையும் எடுத்து உள்ளே வைத்தான். தம்பிக்காரன் பெட்டிமேல் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். அண்ணன்காரன் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, மடிமேல் சட்டையை வைத்துக்கொண்டான். நிலைப்படிப் பாடத்தைச் சுவருக்கு அந்தப்பக்கம் நின்றே கேட்டிருக்கிறாரே என்று அண்ணி நினைத்தாள். அப்படியென்றால் எல்லாப் பாடமும்தான் கேட்டிருக்கிறார்.

நிமிஷம் போனது. கொதிகலன் முனகிக்கொண்டிருந்தது. கொடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. வெளியே டாக்ஸி வந்து ஒலியெழுப்பியது. யாரும் அசையவில்லை. மூத்தவர் எழுந்து சொல்லவேண்டும், அதுதானே வழக்கம். மறுபடியும் ஒலி. பட்டன் அக்கா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணன்காரன் எழுந்தான். தம்பியின் முகத்தைப் பார்த்தான். தமிழில் எந்த வார்த்தையை எடுத்தாலும் அந்த வெள்ளைக் கோட்டு அதோடு ஒட்டிக்கொண்டு வரும் போலிருந்தது. பழசு எதுவும் ஒட்டாத ஒரு வார்த்தை அவனுக்கு வேண்டியிருந்தது.

"காக் திலா?" என்றான், டீச்சரம்மா சொன்ன அதே ராகத்தில், ஒரு பிசிறில்லாமல்.

தம்பிக்காரனின் தலை பழக்கத்தில் அண்ணி பக்கம் பாதி திரும்பியது. நின்றது. திரும்பிப்போனது.

"நல்லா இல்லண்ணே" என்றான். "பயமா இருக்கு."

அவ்வளவுதான். அண்ணன்காரன் அவன் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டான். "எதுக்குடா பயம்? நான் இருக்கேன்ல. போன் இருக்குல்ல. தினமும் பேசு."

"தினமும் நீ அண்ணிகிட்ட கேட்டு அனுப்புவியே, சாப்பிட்டானா, தூங்கினானான்னு. அதை வெச்சுத்தாண்ணே ஓட்டினேன். அங்க யாரு கேப்பா?"

"நான் எங்கடா கேட்டேன்?" என்றான் அண்ணன்காரன். "நீதானே என் முதுகுக்கு வெந்நீர்ப் பை குடுத்தனுப்புவே?"

"நானா? எப்போ?"

இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி அண்ணியைப் பார்த்தார்கள்.

"டாக்ஸிக்காரர் ரொம்ப நேரமா நிக்கிறார்" என்றாள் அண்ணி. காது மடல் சிவந்துவிட்டது.

"தபால் மாட்டிக்கிச்சு!" என்று பட்டன் அக்கா தொடையில் தட்டினாள்.

அண்ணன்காரன் மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டினான். பிறகு தம்பியிடம் சொன்னான்: "நான் சொல்லி அனுப்பலைடா. ஆனா அவ சொன்னதெல்லாம் என்னுதுதான்."

"என்னுதும்தாண்ணே" என்றான் தம்பிக்காரன்.

அண்ணன்காரன் சட்டையை அவனிடம் கொடுத்தான். "இதைப் பெட்டியில வைக்காதே, கசங்கிடும். கையில வெச்சுக்கோ." பெட்டியை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். நிலைப்படி தாண்டி, முன்னறை தாண்டித் தெருவுக்குப் போனார்கள். "நானும் கூட வரேன், வழியனுப்பிட்டு வரேன்" என்று அண்ணன்காரன் டாக்ஸியில் ஏறினான். தம்பிக்காரன் அண்ணி காலில் விழப்போனான். அவள் தூக்கி நிறுத்திப் பொட்டலத்தைக் கையில் திணித்து, "முட்டையை முதல்ல சாப்பிடு. த ஸ்விதானியா" என்றாள்.

டாக்ஸி நகர்ந்தது. மழைக்காகக் கண்ணாடியை ஏற்றியிருந்தார்கள். உள்ளே இரண்டு பேர் வாயும் ஒரே சமயத்தில் அசைந்தது. ஒருவர் கை இன்னொருவர் தோளைத் தட்டியது. அண்ணி தூறலில் நனைந்துகொண்டு நின்று பார்த்தாள்.

"என்னடி பேசிக்கறாங்க?" என்றாள் பட்டன் அக்கா பின்னாலிருந்து.

"எனக்கு ஒண்ணுமே கேக்கலைக்கா" என்றாள் அண்ணி. முகமெல்லாம் சிரிப்பாக, இஸ்திரிப் பெட்டியை அணைக்க உள்ளே போனாள்.